இலவு காத்த கிளியும் ராயல்டிக் கணக்கும்: சரிந்துபோன ஏஐ சிப் பங்கை என்ன செய்வது?

கையில் ஒரு சிறிய ஏஐ சிப் நிறுவனத்தின் பங்கு இருக்கிறது. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. நிறுவனம் செத்துவிடவில்லை. காப்புரிமை வாங்குகிறது, கண்காட்சிகளில் அரங்கு போடுகிறது, பெரிய பெயர்களோடு இணைந்து பணியாற்றுவதாக அறிக்கை விடுகிறது. விற்பனை மட்டும் வந்தபாடில்லை. இந்த நிலையில் இருப்பவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு. அப்படியே வைத்திருக்கலாம். விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாம். விற்று வெளியேறலாம். விற்ற பணத்தை இதே துறையில் வேறோர் இடத்தில் போடலாம்.

நானும் இப்படி ஒரு பங்கைப் பல ஆண்டுகள் சுமந்தவன். பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் சக முதலீட்டாளர்களோடு பேசியதில் முக்கால்வாசி நேரம் துப்பறியும் வேலைக்கே போனது. ஏதோ ஒரு கார் நிறுவனத்தின் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'நியூரோமார்ஃபிக்' (மூளையைப் போல வேலை செய்யும் சிப் வகை) என்ற சொல் இருக்கும். ஒரு கருத்தரங்கின் திரையில் எங்கள் நிறுவனத்தின் சின்னமும் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சின்னமும் அடுத்தடுத்துத் தெரியும். உடனே யாராவது ஒருவர் ஆண்டுக்கு எத்தனை கோடி கைப்பேசிகள் விற்கின்றன என்று பெருக்கத் தொடங்கிவிடுவார். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். நாங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணத் தேதியே குறித்து வைத்திருந்தோம்.

அப்போது நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, 'சிப் நல்ல சிப்தானா?' என்பது. நல்ல சிப்தான். இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: அது விற்பனைக்கு வரும்வரையிலான ஆண்டுகளுக்குச் சம்பளம், வாடகை, ஆராய்ச்சிச் செலவு எல்லாம் யார் பையிலிருந்து போகிறது? நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப்போகிறேன்.

பொய்யே இல்லாமல் 90 சதவீத நட்டம்

பொதுவெளியில் எல்லோரும் பார்த்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பிரெயின்சிப். அகிடா என்பது அதன் சிப்பின் பெயர். மூளை நரம்புகளைப் போல, உள்ளே வரும் தகவலில் மாற்றம் இருக்கும்போது மட்டும் கணக்குப் போட்டு மின்சாரத்தைச் சேமிக்கும் வகை. 2022 ஜனவரியில் மெர்சிடிஸ்-பென்ஸ் விஷன் இக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரிக் காரை அறிமுகம் செய்தபோது, ஓட்டுநர் கூப்பிடும் 'ஹே மெர்சிடிஸ்' என்ற சொல்லைக் கண்டறிய அகிடாவைப் பயன்படுத்தியதாகவும், வழக்கமான முறையைவிட அது 5 முதல் 10 மடங்கு சிக்கனமானது என்றும் சொன்னது. அதே மாதத்தில் பங்கு 2 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. 2023 முடிவதற்குள் 20 சென்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

இதில் யார் பொய் சொன்னார்கள்? யாரும் இல்லை. அந்தக் கார் 2022 ஏப்ரலில் ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் காட்டியது. ஆனால் அது விற்பனைக்கான கார் அல்ல. தொழில்நுட்பத்தை ஓட்டிக் காட்டுவதற்கென்றே செய்த மாதிரி. நிறுவனத்தின் வருவாய் 2022இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டு அது இரண்டரை லட்சத்துக்கும் கீழே போனது. சிப்பின் வடிவமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளப் பிற நிறுவனங்கள் கட்டும் உரிமக் கட்டணம் அப்படித்தான் வரும்: ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் ஆண்டில் மொத்தமாகக் கொட்டும், அடுத்த ஆண்டு வறண்டுவிடும். நிரந்தர வருமானம் ராயல்டியிலிருந்துதான், அதாவது அந்த வடிவமைப்பில் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் கிடைக்கும் சிறு தொகையிலிருந்துதான், வரவேண்டும்.

சரி, ராயல்டி எவ்வளவு வரும்? இந்தத் தொழிலின் தாத்தா ஆர்ம் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வடிவமைப்பைக் கொண்ட சிப்புகள் 3,000 கோடிக்கு மேல் விற்றன. ராயல்டியாக வந்தது ஏறத்தாழ 168 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு சிப்புக்கு ஐந்தரை சென்ட்டு. உலகத்தின் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசியிலும் உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்கே அவ்வளவுதான்.

நம் சின்ன நிறுவனத்துக்குத் தாராளமாக 10 சென்ட்டு கொடுப்போம். ஆண்டுச் செலவு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருபது முப்பது பொறியாளர்களுக்கு மேல் வைத்திருக்கும் எந்த சிப் நிறுவனத்துக்கும் அது பெரிய தொகை இல்லை. ராயல்டியை மட்டும் வைத்துக் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கவே ஆண்டுக்கு 20 கோடி சிப்புகள் விற்கவேண்டும். இல்லை, எங்கள் சிப் உயர்ந்த ரகம், 25 சென்ட்டு கிடைக்கும் என்றால் 8 கோடி போதும். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் தயாராகும் வாகனங்களே சுமார் 9 கோடிதான். போதாததற்கு, கார் நிறுவனம் ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் வண்டியில் ஏறுவதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். முதல் ராயல்டிக் காசோலை அதற்கும் பிறகுதான்.

வைத்திருப்பது: சும்மா இருப்பதற்கும் விலை உண்டு

'நான் விற்கவில்லை, அதனால் எனக்கு நட்டமில்லை' என்று சொல்பவர் ஒன்றை மறக்கிறார். அவர் சும்மா இருக்கலாம். நிறுவனம் சும்மா இருப்பதில்லை. மாதச் சம்பளத்துக்குப் பணம் வேண்டும், வருமானம் இல்லை, வங்கி கடன் கொடுக்காது. மிச்சமிருப்பது புதிய பங்குகளை அச்சடித்து விற்பது ஒன்றுதான்.

ஒரு கணக்கு. நிறுவனத்துக்கு 100 கோடி பங்குகள், விலை 1 டாலர். ஆண்டுச் செலவான 2 கோடி டாலரைத் திரட்ட 2 கோடி புதிய பங்குகள் போதும். பழைய பங்குதாரருக்கு அது ஓர் எறும்புக்கடி. அதே பங்கு 20 சென்ட்டுக்கு வந்துவிட்டால் 10 கோடி பங்குகள் விற்கவேண்டும். 10 சென்ட்டு என்றால் 20 கோடி. சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் பெரிய நிதி நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். விலை இறங்கியதால் அதிகப் பங்குகள் வெளியாகின்றன. அதிகப் பங்குகள் வெளியாவதால் விலை இறங்குகிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் ஆறு ஆண்டுகள் போனால் 100 கோடி பங்குகள் 177 கோடியாகிவிடும். பாலில் தண்ணீர் ஊற்றுவதுபோல்தான். உங்கள் டம்ளரின் அளவு மாறவில்லை, உள்ளே இருப்பதுதான் மாறிவிட்டது.

'பழைய 1 டாலருக்குத் திரும்பினால் விற்றுவிடுவேன்' என்ற வாக்கியத்தின் உண்மையான கனம் இங்கேதான் தெரியும். நீங்கள் வாங்கியபோது 1 டாலர் என்பது 100 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம். ஆறு ஆண்டு கழித்து அதே 1 டாலர் என்பது 177 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம். பழைய விலைக்குத் திரும்பவேண்டுமானால், பழைய உச்சத்தில் சந்தை கண்ட கனவைவிட முக்கால் பங்கு பெரிய கனவு நிஜமாகவேண்டும். இலவு காத்த கிளிக்காவது காய் தானாக வெடித்தது, ஏமாற்றம் ஒருநாளில் முடிந்தது. இங்கே ஆண்டுக்கொரு முறை மரத்தில் மேலும் பத்துக் கிளிகளை உட்காரவைக்கிறார்கள்.

வைத்திருப்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நிறுவனத்திடம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான ரொக்கம் இருந்து, வாடிக்கையாளரிடமிருந்து வரும் பணம் காலாண்டுக்குக் காலாண்டு கூடிக்கொண்டே வந்தால், விலை என்னவாக இருந்தாலும் வைத்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளத் துப்பறியவேண்டியதில்லை. ஆஸ்திரேலியச் சந்தையில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் காலாண்டுதோறும் '4சி' என்ற ரொக்க அறிக்கையைத் தாக்கல் செய்கின்றன. சில பக்கங்கள்தான். நான் மூன்று வரிகளை மட்டும் பார்க்கிறேன். 1.1: வாடிக்கையாளரிடமிருந்து கைக்கு வந்த பணம். 3.1: புதிய பங்கு விற்றுத் திரட்டிய பணம். 8.5: இருக்கும் பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும். இந்த 8.5 இரண்டுக்குக் கீழே போனால், செலவு இப்படியே தொடருமா, பணத்துக்கு என்ன வழி, நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்த முடியுமா என்ற கேள்விகளுக்கு அதே படிவத்தில் விளக்கம் எழுதியாகவேண்டும். வேறு நாட்டுச் சந்தைகளில் படிவத்தின் பெயர் வேறாக இருக்கும். ரொக்க ஓட்ட அறிக்கையில் இதே எண்களைத் தேடிப் பிடித்துவிடலாம்.

என் பங்கில் தொடர்ந்து பன்னிரண்டு காலாண்டுகளுக்கு 3.1 எப்போதும் 1.1ஐவிடப் பெரிதாக இருந்தது. அதாவது அந்த நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர் நான்தான். அது விற்ற பொருள் சிப் அல்ல, பங்கு. இதை உணர எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

சராசரி செய்வது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1 டாலருக்கு 10,000 பங்குகள், பிறகு 30 சென்ட்டுக்கு இன்னொரு 10,000. சராசரி 65 சென்ட்டு. காகிதத்தில் பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் போட்ட முதலைத் திரும்பப் பார்க்க இப்போதும் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறவேண்டும். அதற்குள் இன்னொரு 3,000 டாலரையும் அதே குழியில் போட்டாயிற்று. சீட்டாட்ட மேசையில் இதற்கு விட்டதைப் பிடிப்பது என்று பெயர்.

நான் மூன்று முறை சராசரி செய்தேன். மூன்று முறையும் காரணம் ஒன்றே: விலை இறங்கியிருந்தது. ஒரு முறைகூட அறிக்கையில் ஏதாவது ஓர் எண் நல்ல பக்கம் திரும்பியதால் வாங்கவில்லை. வருமானம் ஏறியும் விலை ஏறாமல் கிடக்கும் பங்கைக் கூடுதலாக வாங்குவதில் அர்த்தம் உண்டு. நான் செய்தது அது அல்ல. நான்கு வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பேன், தயக்கமில்லாமல்.

விற்றால் மறுநாளே யாராவது வாங்கிவிட்டால்?

வெளியேறத் தடுப்பது நட்டக் கணக்கைவிட இந்தப் பயம்தான். நாளைக்கே ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாக விலைபேசி வாங்கிவிட்டால்? நியாயமான பயம். இன்டெல் 2017இல் மொபைல்ஐ நிறுவனத்தை 1,530 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் ஹபானா என்ற ஏஐ சிப் நிறுவனத்தை 200 கோடிக்கு வாங்கியது. ஆனால் மொபைல்ஐ விற்கப்பட்டபோது அதன் சிப்புகள் ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களில் இருந்தன. 2016இல் மட்டும் அதன் வருவாய் 35 கோடி டாலருக்கு மேல். அது கனவை விற்ற கதை இல்லை.

எதிர்ப்பக்கத்தில் தடுமாறிய ஏஐ சிப் நிறுவனங்களின் வரிசை நீளம். வேவ் கம்ப்யூட்டிங் 2020இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மித்திக் 2022இல் கையிருப்பு தீர்ந்து தடுமாறி, பிறகு புதுப் பணத்தோடு சிறிதாக எழுந்தது. பிரிட்டனின் கிராஃப்கோர் 2020 இறுதியில் 277 கோடி டாலர் மதிப்பிடப்பட்டது. 2024இல் சாஃப்ட்பேங்க் வாங்கியபோது விலையை அறிவிக்கவில்லை, அதுவரை முதலீட்டாளர்கள் போட்ட சுமார் 70 கோடியைவிடக் குறைவு என்றே செய்திகள் வந்தன. இன்டெல் 2016இல் நெர்வானாவை வாங்கி, ஹபானா கைக்கு வந்ததும் நெர்வானாவின் சிப்பைக் கைவிட்டது. கனடாவின் அண்டெதர் ஏஐ விஷயம் இன்னும் பாடுபடுத்தும்: 2025இல் ஏஎம்டி அதன் பொறியாளர் குழுவைச் சேர்த்துக்கொண்டது, நிறுவனத்தை வாங்கவில்லை. ஆள் மட்டும் போதும் என்று வாங்குபவர் முடிவு செய்துவிட்டால் பங்கு வைத்திருப்பவர் கையில் வெறும் பெயர்ப்பலகைதான் மிஞ்சும். (இவற்றில் பல பொதுச் சந்தையில் இல்லாத நிறுவனங்கள். தொழிலின் கதி ஒன்றுதான்.)

இன்னொன்று. 20 சென்ட்டில் கிடக்கும் பங்கை வாங்க வருபவர் 50 சதவீதம் சேர்த்துக் கொடுத்தாலும் 30 சென்ட்டுதான். 1 டாலருக்கு வாங்கியவரின் முழு நட்டத்தையும் ஈடுகட்ட எந்த நிறுவனமும் விலைபேசாது. உங்கள் கொள்முதல் விலை உலகத்தில் உங்களுக்கு மட்டுமே முக்கியம்.

விற்கலாமா என்று முடிவெடுக்க நான் வைத்துக்கொண்ட சோதனை பழையதுதான்: இந்தத் தொகை இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால், இன்றைய விலையில் இதே பங்கை வாங்குவேனா? அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டு ஒவ்வொரு முறையும் 'ஆனால்' என்று பதில் தொடங்கியது. பிறகுதான் விற்றேன்.

பணத்தை எங்கே கொண்டுபோவது

ஏஐ மீதான நம்பிக்கை போகவில்லை, இந்த ஒரு நிறுவனத்தின் மீதுதான் போய்விட்டது என்பவருக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது குறைக்கடத்தித் துறையின், அதாவது சிப் துறையின், இடிஎஃப் நிதி: பல நிறுவனப் பங்குகளை ஒன்றாகக் கட்டி, சந்தையில் ஒரே பங்கைப்போல வாங்கி விற்கும் நிதி. அமெரிக்காவில் எஸ்எம்ஹெச், எஸ்ஓஎக்ஸ்எக்ஸ் போன்றவை. ஒரே சீட்டில் இரண்டு மூன்று டஜன் நிறுவனங்கள். ஒன்று மூழ்கினால் மற்றவை தாங்கும். இதில் பத்து மடங்கு லாபம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் இதைப் பலருக்குப் பிடிக்காமல் செய்கிறது. பாதுகாப்பானது என்றும் நினைத்துவிடக்கூடாது: 2022இல் சிப் நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் பிலடெல்பியா குறைக்கடத்திக் குறியீடே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. எஸ்எம்ஹெச்சில் என்விடியாவின் எடை மிக அதிகம் என்பதால், நிதி என்ற பெயரில் ஓரளவு ஒரே யானையின் மேல் ஏறியிருப்பதும் உண்டு.

எனக்குப் பிடித்த வழி வேறு. எங்கள் நிறுவனத்தின் அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அது ஒரு சென்ட்டு சம்பாதிப்பதற்கு முன்பே சிலருக்குத் தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தது. சிப்பை வரைவதற்கான மென்பொருளுக்குச் சினாப்சிஸ் அல்லது கேடென்ஸ். மாதிரிச் சிப்பை அச்சடித்துத் தர டிஎஸ்எம்சி போன்ற ஒரு வார்ப்பாலை (பிறர் வரைந்த சிப்பைச் செய்துதரும் தொழிற்சாலை). அந்த ஆலை மிக நுண்ணிய சிப்புகளுக்கான இயந்திரத்தை ஏஎஸ்எம்எல் ஒன்றிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். நான் பங்கு வாங்கிக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி நேராக இவர்களிடம் போயிருக்கிறது. எந்த சிப் ஜெயிக்கும் என்று இவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பந்தயத்தில் ஓடும் எல்லாக் குதிரைக்கும் லாடம் அடிப்பவர்கள். குறை என்னவென்றால், இது ஊருக்கே தெரிந்த ரகசியம். விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அவசரமாக மொத்தப் பணத்தையும் போடுவதற்கான இடம் இது இல்லை.

'என்விடியாவும் ஒருகாலத்தில் சின்னதுதானே?'

இந்த ஒரு வரியை எத்தனை முறை கேட்டிருப்பேன், சொல்லியிருப்பேன். என்விடியாவின் பங்கு 2002இல் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது, 2008இல் மறுபடியும் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, இரண்டு முறையும் பொறுத்தவர் பூமியாண்டார் என்று சொல்வார்கள். விழுந்தது உண்மை. ஆனால் 1999 ஜனவரியில் 12 டாலருக்குச் சந்தைக்கு வந்தபோது அந்த நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 15 கோடி டாலருக்கு மேல், லாபத்திலும் இருந்தது. அதன் ரீவா 128 சிப்பைக் கணினிகளில் பொருத்தி ஜனங்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விலை சரிந்த இரண்டு முறையும் பொருள் விற்றுக்கொண்டுதான் இருந்தது. வாழப் புதிய பங்கு அச்சடிக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வருமானமே இல்லாமல் 90 சதவீதம் விழுந்த நிறுவனத்துக்கு அந்த வரலாறு ஆறுதல் சொல்லாது.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் இரண்டு ஆண்டுக்கும் குறைவு, 1.1 வரி வளரவில்லை என்றால், விற்பது முதலிடம். பணத்தைத் துறை நிதியிலோ லாடம் அடிப்பவர்களிடமோ சிறிது சிறிதாகப் போடுவது அடுத்த வேலை. ரொக்கமும் இருந்து 1.1 வரியும் வளர்ந்தால் வைத்திருக்கலாம், ஆனால் எந்தக் காலாண்டுக்குள் எந்த எண் வரவேண்டும் என்று இன்றே எழுதிவைத்துவிட்டு. எல்லாம் போனாலும் இரவில் தூக்கம் கெடாத அளவுக்குச் சிறிய தொகை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. லாட்டரிச் சீட்டைப்போல வைத்திருங்கள். சராசரி செய்வதற்கு என் வரிசையில் இடமில்லை.

நான் என் பங்குகளில் ஐந்தில் நான்கை விற்றேன். மிச்சத்தை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. அந்த சிப்பை எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். போன காலாண்டு அறிக்கை வந்தபோது 1.1 வரியில் முதல் முறையாக ஏழு இலக்க எண் இருந்தது. அடிக்குறிப்பைப் படித்தேன்: ஒரே ஒரு வாடிக்கையாளர், ஒரு முறை உரிமக் கட்டணம். மறுநாள் காலை பங்கு 18 சதவீதம் ஏறியது. மாலைக்குள் நிறுவனம் புதிய பங்கு வெளியீட்டை அறிவித்தது.